மடைக்கு இப்புறமும் அப்புறமும்: ஓதமேறிய சுவரும் காவிரிப் படுகையின் மராமத்து வரலாறும்

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை கட்டப்பட்டவையே. கல்லணை, பெரிய கோயில், அரண்மனை, சத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டியவர் பெயரை நாம் அறிவோம். கட்டியதை அழியாமல் காத்தவர் யார், அதற்கான செலவை ஏற்றவர் யார் என்று கேட்டால் மட்டும் நமது நூல்களில் விடை அரிதாகவே கிடைக்கிறது. செப்பனிடுதலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் சச்சரவுகளின் வரலாறு என்பதால், அதனைப் பெருமையோடு கல்லில் பொறிக்க எவரும் முன்வருவதில்லை போலும்!

அவ்வரலாற்றை நாம் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணமாக அமைந்தது மிகச் சிறிய ஒரு பொருள்: வாடகை வீட்டுச் சுவரில் குளிரூட்டியின் கீழே பூத்திருக்கும் பூசணம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் முதலிய ஊர்களில் நடுத்தரக் குடும்பங்களின் வாடகை வீடுகளிலும் குளிரூட்டி இன்று இடம்பெற்றுவிட்டது. அதிலிருந்து ஒழுகும் நீர் சுவருக்குள் இறங்குகிறது. வண்ணம் உப்பிப் பொரிகிறது. சில வாரங்களில் கரும்புள்ளிகள் தோன்றி, அறைக்குள் ஒரு முடைநாற்றம் நிலைத்துவிடுகிறது. "ஏசி ஓட்டுபவர் நீங்கள்தானே" என்பார் வீட்டுக்காரர். "சுவர் உங்களுடையதுதானே" என்பார் குடியிருப்பவர். வெவ்வேறு சொற்களில் இவ்விரண்டு வாக்கியங்களும் இப்படுகையில் நெடுங்காலமாக ஒலித்து வருபவை. அவை கடந்து வந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்ப்பது, இன்றைய வழக்குக்கும் வெளிச்சம் தரும் என்பது நமது எண்ணம்.

சுவருக்குள் நீர் வரும் வழிகள்

முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பொறுப்பு யாருடையது என்ற வினாவின் பாதி விடை அதில் அடங்கியுள்ளது.

படுகையின் பழைய வீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுப்பப்பட்டு, நாட்டு ஓடு வேயப்பட்டவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அச்சுவர்களும் நீரை உறிஞ்சவே செய்தன. ஆயினும் உறிஞ்சிய ஈரத்தை மழை விட்டதும் வெளியே விட்டுவிடுவது சுண்ணாம்புப் பூச்சின் இயல்பு. நடுவில் முற்றம் இருந்தமையால் வெயிலும் காற்றும் வீட்டின் உள்ளேயே வந்து போயின. பொங்கலுக்கு முன்னர் அடிக்கப்பட்ட வெள்ளை, அழகோடு பயனும் உடையதாக இருந்தது. சுண்ணாம்பின் காரத்தன்மை பூசணத்தை எளிதில் வளரவிடாது.

இன்றைய சுவரோ சிமெண்டுப் பூச்சும், அதன்மேல் பட்டியும், அதற்கும் மேல் பிளாஸ்டிக் வண்ணமும் கொண்டது. உள்ளே புகுந்த ஈரம் எளிதில் வெளியேற இயலாது. சாளரங்களை அடைத்தால்தான் குளிரூட்டி பயன் தரும் என்பதால் அறைக்குக் காற்றோட்டமும் இல்லை. பூசணத்திற்கு வேண்டியவை ஈரமும் நிழலும் அசையாத காற்றும். இம்மூன்றையும் நாமே அதற்கு அமைத்துக் கொடுத்திருக்கிறோம்.

குளிரூட்டியின் உள்ளே குளிர்ந்த சுருள் ஒன்று உண்டு. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படியும். காவிரிப் படுகையின் புழுக்கமான காற்றில் ஓர் இயந்திரம் நாளொன்றுக்குப் பல லிட்டர் நீரை இவ்வாறு பிரித்தெடுக்க வல்லது. அந்நீர் அடியிலுள்ள தட்டில் சேர்ந்து, சரிவாகப் பொருத்தப்பட்ட குழாய் வழியே வெளியேற வேண்டும். தூசியும் வழவழப்பான பாசியும் குழாயை அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பிப் பின்சுவரில் நீர் வழியும். குழாயின் சரிவு தவறாக அமைந்தாலும் விளைவு அதுவே. வாயு குறைந்துபோனால் சுருளில் பனி உறைந்து, இயந்திரம் நின்றபின் உருகிச் சொட்டும். சுவருக்குள் செல்லும் செப்புக் குழாயின் மேலுறை கிழிந்திருந்தால், குழாயின் புறத்திலேயே நீர் அரும்பிச் செங்கல்லை நனைக்கும். இவற்றுள் சில பராமரிப்பின் குறைகள். சில பொருத்தியவரின் பிழைகள். சில கட்டடத்தின் குறைகள். கண்ணுக்குத் தெரியும் கறை என்னவோ ஒன்றுபோலவே இருக்கிறது.

நனைந்த இடம் ஓரிரு நாட்களுக்குள் உலராவிட்டால் பூசணம் பற்றத் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஈரத்தையும் பூசணத்தையும் பற்றி வெளியிட்ட வழிகாட்டி நூல், இத்தகைய வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுக்குழல் தொல்லைகளும் ஆஸ்துமாவின் தீவிரமும் மிகுதி என்று கூறுகிறது. ஆகவே இது சுவரின் அழகு பற்றிய வழக்கு மட்டுமன்று. அவ்வறையில் உறங்கும் குழந்தையின் மூச்சைப் பற்றியதும் ஆகும்.

தலைமதகும் வயல்வாய்க்காலும்

ஒரே அமைப்பை இருவர் பயன்படுத்துகையில் அதைச் செப்பனிடுவது யார்? இவ்வினாவை மற்ற எந்நாட்டாரையும் விட நன்கு அறிந்தவர்கள் நீர்ப்பாசன நாட்டார். சோழர் கால ஊர்கள் இதனை எண்ணிப்பார்த்திருந்தன. தொண்டை நாட்டு உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற தனிக் குழுவைக் குறிப்பிடுவதை வாசகர்கள் அறிவர். ஏரியைப் பேணுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. அதன் பொருளை ஊன்றிப் பார்க்கவேண்டும். உடைந்தபின் எவர் செலவு செய்வது என்று சண்டையிடுவதற்கு மாறாக, உடைவதற்கு முன்பே செலவுக்கு வழிசெய்துவிடும் ஏற்பாடு அது. மறுபுறம், ஊதியமின்றிக் கொடுக்கவேண்டிய உழைப்பைக் குறிக்கும் 'வெட்டி' போன்ற சொற்களும் அதே காலக் கல்வெட்டுகளில் வருகின்றன. பேணுதலின் சுமை எல்லோர் தோளிலும் ஒன்றுபோல் இறங்கவில்லை என்பதற்கு அச்சொற்கள் சான்று.

1799-இல் தஞ்சையின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையை 1830-களில் கட்டினார். ஆறு, அணை, பெரிய கால்வாய் ஆகியன அரசின் பொறுப்பு என்றும், ஊர் வாய்க்காலைத் தூர்வாருதல், கரை உயர்த்துதல், உடைப்பை அடைத்தல் ஆகியன குடிகளின் பொறுப்பு என்றும் ஒரு பாகுபாடு நிலவியது. பிந்தியதற்குக் குடிமராமத்து என்று பெயர். மராமத்து என்பது அரபு மூலத்திலிருந்து நம்மிடம் வந்து வேரூன்றிய சொல். செப்பனிடுதல் என்பது அதன் பொருள்.

கம்பெனி அரசு இவ்வழக்கத்தைச் சட்டத்தால் இறுக்க முனைந்தது. 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், வழக்கப்படி உழைப்பைத் தரவேண்டியவர் தக்க காரணமின்றி வாராதிருந்தால், அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கைச் செலுத்தவேண்டும் என்றது. மானம்பார்த்து மண்வெட்டி எடுத்துவந்த காலம் போய், தண்டத்திற்கு அஞ்சி வரவேண்டிய காலம் வந்தது எனலாம். சட்டம் இருந்தும் குடிமராமத்து தளர்ந்தே போயிற்று.

தளர்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. நமது பொருளுக்கு வேண்டியது ஒன்று. படுகையின் நிலம் பெரும்பாலும் மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. சேற்றில் இறங்கியவர்கள் குத்தகைக் குடிகளும் வாரக்குடிகளும் பண்ணையாட்களும். அடுத்த ஆண்டும் இந்த வயல் தன்னிடம் இருக்குமா என்று அறியாத ஒருவர், பத்தாண்டு நிலைக்கவேண்டிய கரையை எதற்காக உயர்த்துவார்? நிலத்துக்கு உரியவரோ கும்பகோணத்திலோ சென்னையிலோ இருந்தார். அவருக்கு நெல் வந்தால் போதும். பயனை எண்ணி வேலை செய்யவேண்டியவருக்கு உரிமை இல்லை. உரிமை உடையவருக்கு வேலையின் அருமை தெரியவில்லை. இருவருக்கும் நடுவே வாய்க்கால் தூர்ந்தது.

வேலை போனால் வீடும் போகும்

வயலிலிருந்து வீட்டுக்கு வருவோம். பண்ணையாட்களின் வீடு நின்ற மண் மிராசுதாருடையது. மண்சுவர், கீற்று அல்லது வைக்கோல் கூரை, தாழ்வான வாசல். வடகிழக்குப் பருவமழையில் வயல்மட்டத்திலேயே நின்ற அத்தெருக்களின் சுவர்கள் அடியிலிருந்து ஓதமேறின. அங்கே பூசணம் பற்றி வழக்கு எழுந்ததாக எவரும் எழுதிவைக்கவில்லை. எழ இயலாது என்பதே காரணம். பண்ணையிலிருந்து நீக்கப்பட்டால் குடிசையையும் காலி செய்யவேண்டிய நிலையில் இருந்தவர், சுவரைச் சரிசெய்து தரச்சொல்லி யாரிடம் கேட்பார்?

விடுதலைக்குப் பின்னர் இந்நிலை படிப்படியாகச் சட்டத்தின் பார்வைக்கு வந்தது. 1952-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், காரணமின்றி நீக்கப்படுவதைத் தடுக்க முயன்றது. 1961-இல் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றுவதற்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று, அப்போதைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத் தலித் மக்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து மடிந்தனர். மூன்று ஆண்டுகளுக்குள், 1971-இல், குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு மனையின் உடைமையையே வழங்கும் சட்டம் வந்தது.

அச்சட்டத்தை நிலச்சீர்திருத்தத்தின் ஒரு கிளையாகவே பலரும் காண்பர். நாம் அதனைச் செப்பனிடுதலின் வரலாற்றிலும் ஒரு மைல்கல்லாகக் காண்கிறோம். நிற்கும் இடம் தனதானால்தான் ஒருவர் சுவருக்குச் செங்கல் வாங்குவார். பொறுப்பைப் பங்கிடும் எந்தச் சட்டத்திற்கும் முன்னால், இருப்பை உறுதிசெய்யும் ஒரு சட்டம் நிற்கவேண்டும். இதுவே படுகை நமக்குத் தரும் முதற்பாடம்.

தரை ஒருவருடையது, சுவர் இன்னொருவருடையது

கோயில் நகரங்களில் மற்றொரு வகை உண்டு. மனை கோயிலுக்கோ ஆதீனத்துக்கோ உரியதாயிருக்கும். அதற்கு அடிமனை வாடகை செலுத்திக்கொண்டு, கட்டடத்தைக் குடியிருப்பவரே எழுப்பியிருப்பார். இத்தகைய நிலையில் சுவர் ஓதமேறினால் யாரையும் சுட்டிக்காட்ட இயலாது, கட்டியவரே பேணவேண்டும். எனினும் எந்நேரமும் மனையை ஒழித்துத் தரவேண்டி வருமோ என்ற அச்சம் இருந்தால் அவரும் பெரிதாகச் செலவிட மாட்டார். 1921-இன் நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம் முதலில் சென்னை நகருக்கென இயற்றப்பட்டது. பிறர் மனையில் கட்டடம் எழுப்பியவருக்கு இழப்பீடும், சில நிலைகளில் மனையை விலைக்கு வாங்கும் உரிமையும் அது தந்தது. சமய நிறுவனங்களின் நிலங்கள் 1996-இல் அதன் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டன. கோயில் சொத்தைக் காக்கவேண்டும் என்ற நியாயமும், தலைமுறைகளாகக் குடியிருந்தவரின் நியாயமும் இங்கே மோதுகின்றன. அவ்வழக்கின் தீர்ப்பு நமது பொருளன்று. சுவரின் நலம் அதில் குடியிருப்பவரின் நம்பிக்கையோடு பிணைந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

ஒரு மாத வாடகை மட்டும்

நகரத்து வாடகை வீட்டுக்கு அடிப்படையாக அமைந்தது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108-ஆம் பிரிவு இருதரப்புக் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. அப்பிரிவின் தொடக்கமே சுவையானது: ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ வேறாக இல்லாதபோது இவை பொருந்தும் என்கிறது. நாட்டு வழக்கத்திற்கு ஆங்கிலச் சட்டம் விட்டுவைத்த ஒரு திண்ணை அது!

எளிதில் கண்டுபிடிக்க இயலாத பெருங்குறை வீட்டில் இருப்பதை உரிமையாளர் அறிந்திருந்தால், அதனைக் குடிவருபவருக்குத் தெரிவிக்கவேண்டும். இயல்பான தேய்மானம் நீங்கலாக, வீட்டைப் பெற்ற நிலையிலேயே குடியிருப்பவர் வைத்திருக்கவேண்டும். தான் செய்தே ஆகவேண்டிய பழுதுபார்ப்பை, அறிவிப்புப் பெற்றும் உரிய காலத்தில் உரிமையாளர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உரிமையாளர் செய்தே ஆகவேண்டிய பழுதுபார்ப்பு எது? அதற்கு அங்கே பட்டியல் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதாதவருக்கு அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீடுகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டதால் சென்னை மாகாணத்தில் 1941-இல் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1946, 1949 ஆண்டுகளின் சட்டங்களைக் கடந்து 1960-இன் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நிலைபெற்றது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற இயலாது என்ற பெரும்பயனை அது தந்தது. வாடகையோ பல வீடுகளில் உறைந்து நின்றது. குறைந்த வாடகைக்குச் செலவு செய்ய உரிமையாளருக்கு மனம் வரவில்லை. கூரை ஓடு உடைந்தது, காரை உதிர்ந்தது. பழுதுபார்க்க மறுக்கும் உரிமையாளருக்கு எதிராகக் குடியிருப்பவர் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரை அணுகலாம் என்று 22-ஆம் பிரிவு கூறியது. ஆனால் ஓராண்டில் கழிக்கக்கூடிய தொகை, ஆண்டு வாடகையின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு, அதாவது ஒரு மாத வாடகைக்கு, மேற்படலாகாது. உறைந்த வாடகையில் ஒரு மாதத் தொகையைக் கொண்டு எந்தக் கொத்தனாரை அழைப்பது?

இதனினும் நுட்பமான ஒரு சிக்கல் அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவில் இருந்தது. ஆளை வெளியேற்றாமல் செய்ய இயலாத பழுதுபார்ப்பு, இடித்துக் கட்டுதல் ஆகிய காரணங்களுக்காக வீட்டைத் திரும்பப் பெற அது உரிமையாளருக்கு வழிவகுத்தது. ஆகவே சுவர் மிக மோசமாக உள்ளது என்று முறையிடும் குடியிருப்பவர், தம்மை வெளியேற்றுவதற்கான சான்றைத் தாமே எழுதித் தருபவராகவும் ஆகக்கூடும். பலர் பேசாதிருந்தனர் என்றால் அதில் வியப்பில்லை. ஓதத்தின்மேல் நாள்காட்டியை மாட்டி மறைத்த தலைமுறை அது.

பட்டியலில் இல்லாத இயந்திரம்

தமிழ்நாடு அரசு 2017-இல் இயற்றிய உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றது. எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயமாயிற்று. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றது சட்டம். நெடுங்காலக் குறையாக இருந்த பட்டியலும் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றது.

கட்டடத்தின் அமைப்புசார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சாளரங்களுக்கு வண்ணம் பூசுதல், தேவையானபோது நீர்க்குழாய்களை மாற்றுதல், மின்கம்பியமைப்பு ஆகியவை உரிமையாளரின் பங்கு. குழாய்முனை மாற்றுதல், வடிகால் துப்புரவு, கழிப்பறை, கைகழுவு தொட்டிப் பழுதுகள், மின்பொத்தான்கள், மின்கருவிகளின் பழுது, உடைந்த கண்ணாடி, பூட்டு முதலியவை வாடகைதாரரின் பங்கு. ஒப்பந்தத்தில் இருவரும் வேறுவிதமாக உடன்பட்டால் அதுவே செல்லும்.

இதனைப் படிக்கையில் நமக்குப் பழைய படுகையே கண்முன் தோன்றுகிறது. பெரியவை உடையவருக்கு, அன்றாடச் சிறியவை பயன்படுத்துபவருக்கு. அணையும் ஆறும் அரசுக்கு, ஊர் வாய்க்கால் குடிகளுக்கு என்ற அதே பாகுபாடு! குடிமராமத்து என்ற பெயரிலேயே நீர்நிலைகளைத் தூர்வாரும் திட்டம் ஒன்றை அரசு தொடங்கியதும் அதே 2017-ஆம் ஆண்டில்தான் என்பது சுவையான ஒற்றுமை.

அட்டவணையில் குளிரூட்டி என்ற சொல் இல்லை. ஆனால் அதன் நீர் அட்டவணையின் இரு பக்கங்களிலும் ஓடுகிறது. இயந்திரம் மின்கருவி, அதன் பழுது வாடகைதாரர் பக்கம் சேர்கிறது. அடைத்துக்கொண்ட வடிகுழாயைத் துப்புரவு செய்வதும் அப்பக்கமே சேரும் எனலாம். அக்குழாய் சுவருக்குள் புதைக்கப்பட்டு, சரிவு தவறியோ உடைந்தோ இருந்தால் அது கட்டடத்தின் பகுதி. உரிமையாளர் பக்கம் சேர்வது. வெள்ளையடித்தல் உரிமையாளருடையது. ஆனால் வாடகைதாரரின் கவனக்குறைவால் சுவர் கெட்டிருந்தால் அச்செலவு அவர்மேல் திரும்பும். மேல்வீட்டுக் குளிரூட்டியின் நீர் கீழ்வீட்டுச் சுவரில் இறங்கினால் கீழ்வீட்டில் குடியிருப்பவரைக் குறைகூறவே இடமில்லை. குழாய் சுவரில் நுழையும் அந்தத் துளைதான் இன்றைய மடை. மடைக்கு இப்புறம் ஒருவர், அப்புறம் ஒருவர்.

எல்லா ஓதமும் குளிரூட்டியால் வருவதில்லை என்பதையும் மறக்கலாகாது. சித்திரை வைகாசியில், இயந்திரம் ஓயாது ஓடுகையில் கறை பரந்தால் அதன்மீது ஐயம் கொள்ளலாம். ஐப்பசியில் மேற்கூரையிலிருந்து இறங்கினால் தளத்தில் விரிசல். எல்லாப் பருவங்களிலும் தரையிலிருந்து முழங்கால் உயரத்திற்கு ஏறினால் அது நிலத்து ஈரம். பின்னைய இரண்டும் கட்டடத்தின் குறைகளே. சுவர் தானே சாட்சி சொல்கிறது. அதனைக் கேட்க இருவரும் ஒன்றாக நிற்கவேண்டும்.

நடைமுறையில் நிகழ்வதோ வேறு. வீட்டை ஒழிக்கும் நாளில், வண்ணம் பூசுவதற்கென்று முன்பணத்தில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பல ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. கறையின் காரணத்தை எவரும் ஆராய்வதில்லை. அதன்மேல் புதுவண்ணம் ஏறுகிறது. அடுத்த குடும்பம் வருகிறது. மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே கறை எழுகிறது. மறைந்துள்ள குறையைத் தெரிவிக்கவேண்டும் என்ற 1882-இன் கட்டளை புதுவண்ணத்தின் அடியில் உறங்குகிறது!

பழக்கவழக்கம் என்னும் பழி

தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டு இங்கே பொருந்தும். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில், வீட்டுவசதி அமைப்பு ஒன்றின் வாடகைக் குடியிருப்பில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 2020 டிசம்பரில் இறந்தது. நெடுநாள் பூசணத்தின் நடுவே வாழ்ந்தமையால் ஏற்பட்ட மூச்சுநோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவுசெய்தது. தந்தை 2017 முதலே முறையிட்டிருந்தார். குடியிருப்போரின் வாழ்க்கைமுறையே ஈரத்துக்குக் காரணம் என்ற எண்ணம் அம்முறையீட்டை மூடிவிட்டிருந்தது. அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் சட்டவிதிகள் 2023-இல் இயற்றப்பட்டு, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. சமூக வீட்டுவசதி உரிமையாளர்கள் ஈரத்தையும் பூசணத்தையும் பற்றிய முறையீடுகளைக் குறித்த காலத்துக்குள் ஆராய்ந்து சரிசெய்தாக வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

குளிர்நாட்டின் பூசணத்துக்கும் நமது பூசணத்துக்கும் காரணங்கள் வேறு. பழியின் நடை மட்டும் ஒன்றுபோல் உள்ளது. 'அவர்கள் சன்னலைத் திறப்பதில்லை', 'அவர்கள் துணியை உள்ளே உலர்த்துகிறார்கள்', 'அவர்கள் ஏசியை இராப்பகலாக ஓட்டுகிறார்கள்' என்று வலுவற்றவரின் பழக்கத்தைச் சுட்டுவது எளிது. சுவரைத் தட்டிப் பார்ப்பதற்குச் செலவாகும். நமது படுகையில் வாய்க்கால் தூர்ந்ததற்குக் குடிகளின் சோம்பலைக் காரணம் கூறிய அதிகாரிகளின் குரலுக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஓய்வூதியத்தோடு ஒரு மாடி வாடகையையும் நம்பி வாழும் முதியவர், இரண்டாண்டுகளாகத் துப்புரவு செய்யப்படாத ஒரு குளிரூட்டியால் தமது சுவர் ஊறிப்போனதைக் காணும்போது கொள்ளும் வருத்தமும் நியாயமானதே. நமது ஊர்களின் வீட்டுக்காரர் எல்லோரும் மிராசுதார் அல்லர். ஆகவேதான் காரணத்தை ஆராயாமல் ஒருவரைக் குற்றவாளியாக்குவது இருபுறமும் அநீதியாகிறது.

மடையில் சேர்ந்து நிற்றல்

இவ்வளவு தொலைவு வந்தபின் நமக்குத் தெளிவாவது என்ன? பொறுப்பைப் பெரிது, சிறிது என்று பங்கிடுவது படுகைக்குப் பழகிய முறை, நல்ல முறையும்கூட. ஆனால் அது இரண்டு நிலைகளில் தோற்றுப்போயிற்று. பயன்படுத்துபவரின் இருப்பு உறுதியற்றிருந்தபோது அவர் வாய் திறக்கவில்லை, கரம் நீட்டவுமில்லை. பங்குகள் சந்திக்கும் மடையில் இருவரும் சேர்ந்து நின்று பார்க்காதபோது, நீர் எவருடையதும் அல்லாத இடத்தில் வழிந்து யாவற்றையும் கெடுத்தது.

இன்றைய சட்டம் பட்டியலைத் தந்துவிட்டது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாழும் ஒரு குடும்பத்திற்கு, முறையிட்டால் புதுப்பிக்க மறுப்பாரோ என்ற அச்சத்தைப் பட்டியல் போக்கிவிடாது. அதனைச் சிறிதேனும் குறைப்பவை எளிய ஏற்பாடுகளே. குடிவரும் நாளிலேயே இருவரும் சேர்ந்து சுவர்களைப் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுதல். குளிரூட்டியின் பராமரிப்பு யாருடையது, சுவருக்குள் உள்ள குழாய் யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் தனித்தனியே எழுதுதல். கறை தோன்றிய வாரத்திலேயே எழுத்தில் தெரிவித்தல். வண்ணம் பூசுமுன் நீர்வழியைக் கண்டறிதல். வாடகையில் ஒரு சிறு பகுதியை மராமத்துக்கென்று ஒதுக்கிவைக்கும் உரிமையாளர் இருப்பாரேயானால், ஏரிப்பட்டி ஒதுக்கிய ஊரவையாரின் வழித்தோன்றல் என்று அவரை நாம் அழைக்கத் தயங்கமாட்டோம்.

கட்டியவர் பெயரைக் கல் சொல்லும். அதற்குப் பின்னர் அதைப் பேணியவர்களைச் சொல்ல, ஓதமேறாத ஒரு சுவர் மட்டுமே சாட்சி. நமது காலத்தைப் பற்றி அச்சுவர் என்ன சொல்லப்போகிறது என்பது, அடுத்த கறை தோன்றும் நாளில் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் பேசும் முதல் வாக்கியத்தைப் பொறுத்தது. 'யாருடையது' என்ற கேள்விக்கு முன்னால் 'எங்கிருந்து வருகிறது' என்ற கேள்வி எழுமானால், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.